பட்டாளத்து வீட்டுப் பெண்களுக்கு: குடியாத்தம் – சித்தூர் எல்லைப்புறத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் மாவட்டத்தின் குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி வட்டங்களிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர் மாவட்டத்தின் குடிபாலா, பலமநேர் வட்டாரங்களிலும் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைக் காண்பது கடினம். கணியம்பாடிக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை மக்கள் இன்றும் பட்டாளத்து ஊர் என்றே அடையாளம் சொல்கிறார்கள். இந்த ஊர்களில் படைவீரர்களின் மனைவியர் சிலர் ஒன்றுசேர்ந்து, மற்றப் படைவீரர் குடும்பங்களுக்குத் துணையாக இருந்து வருகிறோம். எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நீங்கள் யார்? அரசு உங்களுக்கு ஏதேனும் அதிகாரம் தந்திருக்கிறதா?

அதிகாரம் எதுவும் இல்லை. நாங்கள் ஹவில்தார், நாயக், சிப்பாய் ஆகியோரின் மனைவியர்; சிலர் கணவரை இழந்தவர்கள். எங்களுள் பீடி சுற்றுபவர்களும் தறி நெய்பவர்களும் பள்ளி ஆசிரியைகளும் உண்டு. ராணுவத்தில் ‘ஆவா’ என்று அழைக்கப்படும் மனைவியர் நலச் சங்கம் 1966 முதல் இயங்கி வருகிறது; கடற்படைக்கும் விமானப்படைக்கும் அதுபோன்ற சங்கங்கள் உண்டு. அவை யூனிட் இருக்கும் இடங்களிலும் குவார்ட்டர்ஸ்களிலும் நல்ல பணி செய்கின்றன. ஆனால் கணவர் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாத ஃபீல்டில் இருக்க, மாமியார் வீட்டிலோ தாய்வீட்டிலோ கிராமத்தில் தங்கிவிடும் பெண்ணின் வாசல் வரை யாராவது நடந்து வர வேண்டியிருக்கிறது. அந்த நடையைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

நான் ஒரு சிப்பாயின் மனைவிதானே? அலுவலகத்தில் பேச எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்காத பெண்ணே இல்லை என்று சொல்லலாம். பணியில் இருக்கும் படைவீரர் பத்திரிகைக்கு எழுதுவதற்கும் அரசியல் கூட்டங்களில் பங்கேற்பதற்கும் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டமும் அதன் விதிகளும் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. மனைவி அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர் அல்லர். அவர் மற்ற எல்லாக் குடிமக்களையும் போலவே ஆட்சியருக்கு மனுக் கொடுக்கலாம், சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கலாம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேள்வி கேட்கலாம். “நீ வாய் திறந்தால் அவருடைய வேலைக்கு ஆபத்து” என்று உறவினர்கள் அச்சுறுத்துவது வழக்கம். கணவரின் பணியிடத்தைப் பற்றிப் பேசாமல், குடும்பத்துக்குச் சேர வேண்டியதை மரியாதையாகக் கேட்கும் மனுவால் எந்த வேலைக்கும் ஆபத்து வராது. படைவீரர் குடும்பத்துக்குத் தரப்படுவதைச் சலுகை என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அது அவர் உழைப்பின் ஊதியத்தைச் சேர்ந்தது. அந்த நினைவோடு நாற்காலியில் அமர்ந்து பேசுங்கள்.

புதிதாகத் திருமணமானவர் முதலில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்பதை. ஊர் அறியத் தாலி கட்டியிருந்தாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருந்தாலும், யூனிட்டில் ‘பார்ட் டூ ஆர்டர்’ எனப்படும், குடும்ப விவரத்தைப் பதிவேட்டில் ஏற்றும் ஆணை வெளியாகாத வரை ராணுவத்தின் ஏடுகளில் அவர் திருமணமாகாதவரே. திருமணச் சான்று, ஆதார், இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம் ஆகியவற்றைக் கணவர் யூனிட் கிளர்க்கிடம் கொடுத்து அந்த ஆர்டரை வெளியிடச் செய்ய வேண்டும். குழந்தை பிறந்தாலும் அப்படியே. இதன் அடிப்படையில்தான் குவார்ட்டர்ஸ், மருத்துவம், கேன்டீன் கார்டு, பிள்ளைகளின் கல்விப்படி, பிற்காலத்தில் குடும்ப ஓய்வூதியம் எல்லாம் வருகின்றன.

ஆர்டர் வெளியானதும் அதன் நகல் ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். அதோடு கணவரின் படை எண், பதவி, யூனிட் முகவரி, அவருடைய ரெக்கார்ட் ஆபீஸ் (பணி ஆவணங்களைப் பேணும் அலுவலகம்) எது என்ற விவரம், வங்கிக் கணக்கு எண், குழுக் காப்பீட்டில் யார் நியமனதாரர் (நாமினி) என்பது ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு ரெக்கார்ட் ஆபீஸ் நீலகிரி வெல்லிங்டனில் இருக்கிறது, பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப்படை என்றால் நாசிக், மின், இயந்திரப் பொறியியல் பிரிவான இ.எம்.இ. என்றால் செகந்திராபாத். கணவர் எந்தப் படைப்பிரிவு என்றே தெரியாமல் “பட்டாளத்தில் இருக்கிறார்” என்று மட்டும் சொல்லும் மனைவியரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அறியாமையால் அப்படி இருக்கவில்லை. வீட்டில் யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்களுக்கும் மற்ற வீரர்களுக்கும் ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. வைகாசி முதல் நாள் நடைபெறும் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு லீவு போட்டு வருபவர்கள் பலர். அந்தச் சமயத்தில் கணவனும் மனைவியும் ஒரு மாலைப் பொழுதைத் தாள்களுக்காக ஒதுக்கச் சொல்கிறோம். காப்பீடு, ஓய்வூதியம் என்று பேச்சை எடுப்பதே அபசகுனம் எனப் பெரியவர்கள் தடுப்பார்கள். அந்த அச்சத்தை மதிக்கிறேன். ஆனாலும் அவர் நல்லபடியாக வீட்டில் இருக்கும்போது பேசப்பட வேண்டிய பேச்சு இது.

கணவரின் ஆவணத்தில் என் பெயர் வேறு மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?

எங்கள் வட்டாரத்தில் இதுவே தலையாய சிக்கல். தமிழ்நாட்டுப் பெண்ணுக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும்; திருமணத்துக்குப் பின் கணவரின் முதலெழுத்து வரும். சித்தூர்ப் பக்கம் வீட்டுப்பெயரை முன்னால் எழுதுவார்கள். பரதராமியில் பிறந்து, குடிபாலாவில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆந்திர ரேஷன் அட்டையில் ஒரு பெயர், வடக்கே எங்கோ ஒரு கிளர்க் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய மூன்றாவது பெயர் என்று ஆகிவிடுகிறது. பிறந்த தேதியும் பல வீடுகளில் ஜனவரி முதல் தேதி அல்லது ஜூன் முதல் தேதியாகவே இருக்கும்.

பணியில் இருக்கும் கணவர் என்றால் திருத்தம் எளிது. எந்தப் பெயரை இனி எல்லா இடத்திலும் வைத்துக்கொள்வது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவந்த பிறகு, உறுதிமொழிப் பத்திரத்துடன் யூனிட் வழியாகத் திருத்தம் கேட்க வேண்டும். ஓய்வு பெற்றவர் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பரிந்துரையோடு ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வில் திருத்தம் வரும். இப்போது பாதுகாப்புத் துறை ஓய்வூதியங்கள் ‘ஸ்பர்ஷ்’ என்ற கணினி முறையில் நடப்பதால், ஓர் எழுத்து மாறினாலும் விவரங்கள் பொருந்தாமல் நின்றுவிடுகின்றன.

கணவர் காலமான பிறகு இதே திருத்தத்தைச் செய்வது பெருந்துன்பம். பழைய பி.பி.ஓ. ஒன்றில் மனைவியின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்ததால், எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டி தாம் மனைவிதான் என்பதை நிரூபிக்க இரண்டு மாநிலங்களின் வட்டாட்சியர் அலுவலகங்களுக்கும் அலைந்தார். ஒவ்வொரு முறையும் எங்களில் ஒருவர் உடன் சென்றோம். அவருடைய கணவர் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு விண்ணப்பத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. ஆகவேதான் ஓய்வு பெற்றவர்களின் வீட்டுக்குப் போகும்போது நாங்கள் முதலில் கேட்பது, “அய்யா, உங்கள் பி.பி.ஓ.வை எடுங்கள், அம்மாவின் பெயரைப் பார்ப்போம்” என்பதே.

நாங்கள் ஆந்திராவில் வசிக்கிறோம், உறவெல்லாம் வேலூரில். எந்த அலுவலகத்துக்குப் போவது?

நலத்திட்டங்களை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். டெல்லியிலுள்ள கேந்திரிய சைனிக் போர்டின் (மத்தியப் படைவீரர் நல வாரியத்தின்) உதவிகள் நாடு முழுவதற்கும் ஒன்றே; நீங்கள் பதிவு செய்துள்ள மாவட்ட அலுவலகத்தின் வழியாகச் செல்ல வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மாநில அரசு தருவது அந்தந்த மாநிலத்தவருக்கு உரியது. தமிழ்நாட்டின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ தொழில்கடன் திட்டத்தைக் கேள்விப்பட்டுச் சித்தூர்க் குடும்பங்கள் வேலூர் வந்து ஏமாற்றத்துடன் திரும்புவதுண்டு. குடிபெயர்ந்துவிட்டால் முன்னாள் படைவீரர் பதிவையும் புதிய மாவட்டத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பணியிலிருந்து விடுபடும்போது தரப்பட்ட டிஸ்சார்ஜ் புக்கின் நகலையும் வசிப்பிடச் சான்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வழக்கு என்று வந்தால் இந்த எல்லை ஒரு பொருட்டே இல்லை: தமிழ்நாடு, ஆந்திரம் இரண்டுக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுதான்.

தெலுங்கில் மட்டும் படிவம் கிடைக்கும் இடங்களில் எங்கள் சகோதரிகள் நிரப்பித் தருவார்கள். பலமநேர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பேசத் தெரிந்தவர்கள் உண்டு; எழுத வருபவர்கள் குறைவு.

பணியில் இருக்கும்போதே கணவர் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? நீங்கள் என்ன செய்வீர்கள்?

முதல் நாட்களில் நாங்கள் தாள்களைப் பற்றிப் பேசுவதில்லை. சமையல், குழந்தைகள், வந்து குவியும் கூட்டம், தொலைக்காட்சி கேமராக்கள் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறோம். துக்கத்தில் இருக்கும் பெண்ணின் முகத்துக்கு நேரே ஒலிவாங்கியை நீட்ட யாருக்கும் உரிமை இல்லை. அந்த வாசலில் நாங்கள் நிற்போம். உடலோடு வரும் யூனிட் அதிகாரியின் பெயரையும் தொடர்பு எண்ணையும் எழுதி வாங்குவது மட்டும் அன்றே நடக்க வேண்டும். உதவி செய்வதாக வரும் எவரிடமும், சொந்தக்காரராகவே இருந்தாலும், வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்தோ கைரேகையோ தரக் கூடாது.

பிறகு இறப்பு எந்த வகையில் சேர்க்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாம் அதைப் பொறுத்தே அமைகிறது. பணிக்குத் தொடர்பில்லாத இறப்பு எனில் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம். கடைசி ஊதியத்தில் முதல் 10 ஆண்டுகளுக்கு 50 சதவீதமும் அதன்பின் 30 சதவீதமும். பணியின் காரணமாக நேர்ந்தது எனில் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 சதவீதம். போரிலோ அதற்கு இணையான நடவடிக்கையிலோ உயிரிழந்தவரின் குடும்பத்துக்குத் தாராளமயக் குடும்ப ஓய்வூதியம், அதாவது அவர் கடைசியாகப் பெற்ற கணக்கிடத்தக்க ஊதியத்துக்குச் சமமான தொகை. 30-க்கும் 60-க்கும் இடையே ஒரு குடும்பத்தின் வாழ்க்கையே மாறிவிடுகிறது. பணியிடத்தில் மாரடைப்பால் இறந்தவரை ‘பணிக்குத் தொடர்பில்லை’ என்று எழுதிவிட்டால், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், தீர்ப்பாயத்துக்கும் போகலாம். “ஆர்டர் வந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது” என்று யாராவது சொன்னால் அதை நம்பி வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

இவை தவிர, 1976 முதல் நடந்துவரும் ராணுவக் குழுக் காப்பீடு, பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, சம்பளக் கணக்கு வைத்திருக்கும் வங்கி தரும் விபத்துக் காப்பீடு ஆகியவை உண்டு. கடைசியாகச் சொன்னதற்குக் காலவரம்பு இருப்பதால், முதல் மாதத்துக்குள்ளேயே வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும்.

காப்பீட்டுப் பணம் மாமியாருக்கா, மருமகளுக்கா?

குழுக் காப்பீட்டுத் தொகை நியமனதாரருக்குச் செல்கிறது. கணவர் மனைவிக்கும் பெற்றோருக்கும் பங்கிட்டு எழுதியிருக்கலாம். குடும்ப ஓய்வூதியம் நியமனத்தைப் பார்க்காமல், விதிப்படி முதலில் மனைவிக்கு உரியது. திருமணத்துக்கு முன் தாயின் பெயரை எழுதியவர்கள் பிறகு மாற்ற மறந்துவிடுவது சகஜம். தாயை விலக்கிவிட வேண்டும் என்று நாங்கள் ஒருபோதும் சொல்வதில்லை. பெற்றவளையும் கட்டியவளையும் பின்னாளில் நீதிமன்ற வாசலில் எதிரெதிரே நிறுத்தாதபடி, இன்னாருக்கு இவ்வளவு என்று அவரே தெளிவாக எழுதி இருவருக்கும் சொல்லிவிடட்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

என் மகன் அக்னிவீர். இவையெல்லாம் அவனுக்கும் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது, இதை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022-இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் பணிக்காலம் நான்கு ஆண்டு. அதிகபட்சம் 25 சதவீதத்தினர் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவர். வெளியே வருபவருக்கு ஓய்வூதியமோ முன்னாள் படைவீரர் தகுதியோ இல்லை. பணி முடிவில் மொத்தமாகத் தரப்படும் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும். பணியில் இறந்தால் 48 லட்சம் ரூபாய்க் காப்பீடும், பணியின் காரணமாக நேர்ந்திருந்தால் 44 லட்சம் ரூபாய்க் கருணைத்தொகையும் பிறவும் உண்டு. குடும்ப ஓய்வூதியம் இல்லை. திருமணமாகாதவர்களையே சேர்ப்பதால் இந்த வீடுகளில் எங்களிடம் வருபவர்கள் தாய்மார்கள்தான். ஒரே பாறையில் ஒரே இரவில் காவல் நின்ற இருவரில் ஒருவரின் தாய்க்கு மட்டும் மாதந்தோறும் ஓய்வூதியம் வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. அக்னிவீரர் பணியில் இறந்தால் அவருடைய பெற்றோருக்கும் குடும்ப ஓய்வூதியம் வேண்டும் என்ற மனுவை நாங்கள் இரு மாநில மக்களவை உறுப்பினர்களிடமும் அளித்துவருகிறோம்.

கணவர் சி.ஆர்.பி.எஃப்.பில் இருக்கிறார். எங்களுக்கு உதவுவீர்களா?

உதவுவோம். ஆனால் மத்திய ஆயுதப் போலீஸ் படைகள் உள்துறை அமைச்சகத்தின்கீழ் வருகின்றன. சைனிக் போர்டு அவர்களுக்கு உரியதன்று. 2004 ஜனவரி முதல் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதிய முறையும் வேறு. முதலில் அவருடைய குரூப் சென்டரின் நலப்பிரிவை அணுகுங்கள்.

கணவர் வீட்டுக்குப் பணம் அனுப்புவதில்லை. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர். ராணுவச் சட்டத்தின் 90, 91 பிரிவுகளின்படி மனைவி, பிள்ளைகளின் பராமரிப்புக்காக அவர் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்து உங்களுக்கு அனுப்ப ராணுவத்தால் முடியும். மனைவிக்கு 22 சதவீதம் வரை, பிள்ளைகளையும் சேர்த்து மொத்தம் 33 சதவீதம் வரை. யூனிட்டின் தலைவரான கமாண்டிங் ஆபீசருக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். திருமணச் சான்றும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றும், வருமானம் இல்லை என்ற விவரமும் இணைக்க வேண்டும். நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கேட்கும் உரிமையும் தனியாக இருக்கிறது. உங்கள் பெயர் எங்கள் வாயிலிருந்து வெளியே போகாது. இந்த வேலைக்கு இரண்டு பெண்களை மட்டுமே ஒதுக்கியிருக்கிறோம்.

அவர் இல்லாத நேரம் பார்த்துப் பங்காளிகள் நிலத்தில் வழக்குப் போட்டுவிட்டார்கள்.

1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்காடல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. எல்லையோரம் போன்ற சிறப்புச் சூழலில் பணியாற்றும் வீரர் நேரில் வர இயலாதபோது, அவருடைய கமாண்டிங் ஆபீசர் தரும் சான்றின் பேரில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவைக்க வேண்டும். வக்கீல்களிலேயே பலர் இதை எடுத்துச் சொல்வதில்லை. தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் 2025-இல் தொடங்கிய ‘வீர் பரிவார் சஹாயதா யோஜனா’வின்படி சைனிக் போர்டு அலுவலகங்களில் இலவசச் சட்ட உதவி மையங்கள் அமைக்கப்படுகின்றன, அதையும் கேளுங்கள்.

பிள்ளைகளின் படிப்புக்கு என்ன உதவி?

பணியில் இருப்பவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை கல்விப்படி உண்டு. ஓய்வு பெற்றவரின் பிள்ளைகளும், படைவீரர்களின் கைம்பெண்களும் தொழிற்கல்விப் பட்டப்படிப்புக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 5,500 பேருக்கு, பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாயும் ஆண்களுக்கு 2,500 ரூபாயும் தரப்படுகின்றன. தகுதித் தேர்வில் 60 சதவீத மதிப்பெண் வேண்டும். கணவர் இன்னும் பணியில் இருக்கும்போதே பலர் இதற்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்படுகிறார்கள்.

இரவில் தூக்கமே வருவதில்லை. இதற்கெல்லாம் யாரிடம் போவது?

எல்லையில் ஏதேனும் நடந்ததாகச் செய்தி வரும் நாட்களில் எங்கள் ஊர்களில் விளக்கு அணையாத வீடுகள் எவை என்று எங்களுக்குத் தெரியும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். படைவீரர்களுக்கும் குடும்பத்தாருக்கும் புனேயிலுள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் இதன் தனிப் பிரிவு ஒன்றும் இருக்கிறது. மருந்து தேவைப்படும் நிலை என்றால் தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அதுவரை, பக்கத்துத் தெருப் பட்டாளத்து வீட்டுப் பெண் ஒருத்தி இரவில் உங்களோடு வந்து படுத்துக்கொள்வாள். இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகுதான் பல பெண்கள் எங்களிடம் மனம் திறந்து பேசினார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் எதையெல்லாம் போடக் கூடாது?

யூனிட் எங்கே இருக்கிறது, எப்போது நகர்கிறது, யார் யார் லீவில் வருகிறார்கள், சீருடைப் படங்கள், அட்டைகளின் படங்கள் ஆகியவற்றை. “ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்” என்று வரும் அழைப்பு மோசடியே; உடனே வைத்துவிடுங்கள். உயிரிழப்புச் செய்தியை, குடும்பத்துக்கு முறையாகத் தெரிவிக்கப்படும் முன் எவரும் பகிரக் கூடாது. இதை மீறியவரைக் குழுவிலிருந்து நீக்குவதில் நாங்கள் உறவு பார்ப்பதில்லை.

கோரிக்கைகளை எங்கே, எப்படி எழுப்புகிறீர்கள்?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. தெருவிளக்கு, குடிநீர் என்பவற்றோடு, தனியாக வசிக்கும் படைவீரர் குடும்பங்களின் பட்டியலை ஊராட்சி பராமரிக்க வேண்டும் என்ற தீர்மானத்தையும் அங்கே கேட்கிறோம். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் தனித்தனியாகப் போகாமல், ஒரே குறை உள்ளவர்கள் ஒரே மனுவாகக் கொடுக்கிறோம்; ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்புவதில்லை. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுவின் நிலையைக் கேட்கிறோம். 30 நாளில் பதில் தர வேண்டியது சட்டம். எல்லையோரக் குடும்பங்களுக்காக இரு மாவட்ட நல அலுவலர்களும் காலாண்டுக்கு ஒருமுறை சேர்ந்து ஒரே இடத்தில் முகாம் நடத்த வேண்டும் என்பது எங்கள் நீண்டகாலக் கோரிக்கை. அது இன்னும் நிறைவேறவில்லை. எந்தக் கட்சியின் மேடையிலும் நாங்கள் ஏறுவதில்லை. எல்லாக் கட்சியினரிடமும் மனுக் கொடுக்கிறோம்.

நானும் சேர விரும்புகிறேன். என்ன தகுதி வேண்டும்? பணம் கட்ட வேண்டுமா?

பணம் வாங்குவதும் இல்லை, உதவி பெற்றவரிடம் பேருந்துக் கட்டணம் பெறுவதும் இல்லை. ஓய்வூதியத்தில் இத்தனை சதவீதம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அன்போடு மறுத்துவிட வேண்டும். இடைத்தரகர்களால் நொந்தவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள். படிப்பு கட்டாயமில்லை. கேட்டதை வெளியே சொல்லாத வாயும், அலுவலக வரிசையில் காத்திருக்கும் பொறுமையும் போதும். முதலில் உங்கள் சொந்த வீட்டின் தாள்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்; பிறகு உங்கள் தெருவிலுள்ள ஒரு குடும்பத்தைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டிய மூதாட்டி ஒருவரைப் பொதுச் சேவை மையத்துக்கு அழைத்துச் சென்று, கைரேகை விழாவிட்டால் கண் கருவிழிப் பதிவு கேட்டு வாங்கி, ரசீதை அவர் கையில் கொடுத்துவிட்டு வருவது புதிதாகச் சேருபவர்களுக்கு நாங்கள் தரும் முதல் வேலை.